இரண்டு கையும் வேண்டும்

"அம்மா, நீ வளர்ந்து பெரிசானதும் என்னவாகப் போற?" என்று ஷைனி காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள். வாய் நிறைய நுரையோடு கேட்டதால் அது கேள்வியா கேலியா என்று பியூலாவுக்குப் பிடிபடவில்லை. பெருமாள்புரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான், அடக் கழுதை, கேலிதான் பண்ணியிருக்கிறாள் என்று புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் கேள்வி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஷைனியின் பள்ளிக்கூடத்தில் நேற்று யாரோ வந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக எழுப்பி, என்ன படிக்கப் போகிறாய், என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்டார்களாம். ஷைனி கப்பல் என்றாளாம், அதற்கு முந்தின வாரம் பேக்கரி, இனி அடுத்த வாரம் எதுவோ. அவளுக்கென்ன, மாற்றிக்கொண்டே இருக்கலாம், மாற்றுவதற்கு எதுவும் கையில் இல்லாத வயசு. எனக்குத்தான் கையில் ஒன்று இருக்கிறது, நல்லதாக, கனமாக, பதினாலு பதினைந்து வருஷமாகப் பிடித்துப் பழகினது. அதை வைத்துக்கொண்டே இன்னொன்றை எடுக்க முடியாது, இதைக் கீழே வைத்தால்தான் அதை எடுக்கலாம். இன்றைக்கு வேலைக்குப் போனதும் டாக்டர் சிதம்பரதாணுவிடம் பதில் சொல்லியாக வேண்டும். பஸ் கிளம்பி, குலுங்கி, ஒரு திருப்பத்தில் எல்லாரையும் ஒரே பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தியது. ஜங்ஷன் வருவதற்குள் முடிவு பண்ணிவிடலாம் என்று அவள் நினைத்தாள். நேற்று சோறு வடிப்பதற்குள் என்று நினைத்தது போல. முந்தாநாள் ஜெபம் முடிவதற்குள் என்று நினைத்தது போல.

இரண்டும் கெட்டதாக இருந்தால் சுலபம். ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்றால் இன்னும் சுலபம். இதில் இரண்டுமே நல்லதாகப் போய்விட்டதுதான் கஷ்டம். ஆஸ்பத்திரிக்காரர்கள் தென்காசி ரோட்டில் புதுக் கிளை கட்டி முடித்துவிட்டார்கள், அங்கே எக்ஸ்ரே பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு, இன்சார்ஜ், கதவில் பெயர்கூடப் போடுவார்களாம். இந்தப் பக்கம், பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கு பி.காம் வகுப்பு தொடங்கியிருக்கிற கல்லூரியில், வாத்தியார் வாயால் நடத்துவதைக் கையால் சொல்கிறதற்கு முழுநேரமாக வாருங்கள் என்கிறார்கள். இன்டர்பிரட்டர். அந்த வேலைக்குச் சம்பளம் இதைவிடக் குறைவு, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கியாக வேண்டும். ஒரு பக்கம் கதவில் பெயர், இன்னொரு பக்கம் கதவே யார் திறப்பார்களோ அடைப்பார்களோ தெரியாது. இதில் என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது என்று வேறு யாராவது சொன்னால் அவளே ஆமாம் என்று தலையாட்டியிருப்பாள். ஆனால் அந்த இரண்டாவதை நினைக்கும்போதெல்லாம் வயிற்றில், மேல்வயிற்றில், விலா எலும்பு பிரிகிற அந்த இடத்தில், ஊஞ்சல் மேலே போய்த் திரும்புகிறபோது வருமே, அது வருகிறது. பயமா சந்தோஷமா என்று படம் எடுத்துப் பார்க்க முடியாது. எலும்புதான் தெரியும் எக்ஸ்ரேயில்.

எக்ஸ்ரேக்கு அவள் வந்ததே ஒரு கதை. கதைகூட இல்லை, நிழல். பிளஸ் டூ முடித்திருந்த மே மாசத்தில் அப்பாவும் அம்மாவும் அவளை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசினார்கள். டீச்சர் ட்ரெயினிங் என்றால் எந்தக் காட்டில் போடுவானோ, நர்சிங் என்றால் ராத்திரி டூட்டி. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் எக்ஸ்ரே டிப்ளமாவில் இடம் இருக்கிறது என்றார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "வெயில்ல அலையணுமாய்யா?" அலைய வேண்டாம், ரூமுக்குள்ளேதான், ஏ.சி.கூட இருக்கும் என்றார் அவர். முடிந்தது. நிழலில் இருக்கிற வேலை என்று அம்மா சர்ச்சில் எல்லாரிடமும் சொன்னாள். பியூலாவை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. பிடிக்காமலும் இல்லை. முதல்தடவை ஒரு கையை, மோதிரத்தோடு, வெள்ளை எலும்பாகப் பார்த்தபோது மூச்சு நின்றுபோனது. பிறகு பழகப் பழக இன்னும் பிடித்துப்போனது. கணுக்கால் எலும்புகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கிற ஒழுங்கு, குழந்தைகளின் எலும்பு நுனியில் இன்னும் மூடாமல் இருக்கிற இடைவெளி. படுக்கையில் வலியோடு கிடக்கிறவரை வலிக்காமல் புரட்டுகிற வித்தை அவளுக்குக் கைவந்தது. "பியூலா எடுத்தா ரெண்டாம்தடவை எடுக்க வேண்டாம்" என்று டாக்டர் மற்றவர்களிடம் சொல்வார், அவளிடம் சொன்னதில்லை. அப்படியென்றால் அது என் வேலைதானே, எனக்கு வந்த வேலை, வந்து என்னோடு தங்கின வேலை. கல்யாணமும் அப்படித்தான் வந்தது, ஜெபசிங் அத்தானும் அப்படி வந்தவர்தான், அவரை மாற்றவா போகிறேன்? இந்த இடத்தில் நினைப்பு ஒரு ஆணியில் மாட்டின சேலை மாதிரி இழுபட்டு நின்றது. மெதுவாக எடுத்துவிட்டாள்.

முருகன்குறிச்சி நிறுத்தத்தில் ஒரு அம்மாள் மடியில் வைக்க முடியாத அளவுக்குப் பெரிய குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி, பியூலா பக்கத்தில் உட்கார்ந்தாள். விசில் வரமாட்டேங்குது, கைப்பிடியும் ஆடுது, ரிப்பேருக்குக் கொண்டுபோறேன் என்று கேட்காமலே சொன்னாள். பியூலா தலையாட்டினாள். சத்தம் வராத குக்கர். உடனே கிங்ஸ்லி ஞாபகம் வந்தது, அவன் சமைத்தால் குக்கர் மூடியில் கை வைத்து அதிர்வை வைத்தே விசில் எண்ணுவான், சுட்டால் காதைப் பிடிப்பான். தம்பிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. அது வீட்டில் தெரியவந்தபோது பியூலாவுக்கு ஏழு வயசு, அம்மா அழுதாள், அப்பா நடையாய் நடந்தார், பியூலாவுக்கு மட்டும் ரகசியமாக ஒரு சந்தோஷம் இருந்தது, ஏனென்றால் அதற்குள்ளேயே அவளுக்கும் அவனுக்கும் ஒரு பேச்சு உண்டாகியிருந்தது, அது பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. தண்ணீர், கொசு, அம்மா கோபமாக இருக்கிறாள், அந்த மாமா வந்தால் மிட்டாய் உண்டு. பிறகு அவனைக் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்து, அங்கே நிஜமான சைகைமொழியைப் படித்துக்கொண்டு அவன் சனி ஞாயிறில் வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்க, வாரா வாரம் புதுச் சொல், புது வசை. அவளுக்கு அவன் வைத்த பெயர் காதோரம் விரலைச் சுற்றுவது, அப்போது இரட்டைச் சடை போட்டிருந்தாள். சர்ச்சில் பிரசங்கத்தை அவள்தான் அவனுக்குக் கையால் சொல்வாள். போதகர் ஐயர் நரகத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருப்பார், அவள் நரகத்தைச் சொல்லிவிட்டு, இவர் பின்பக்கம் அங்கி சுருண்டு தொடை வரைக்கும் ஏறிக்கிடக்கு, யாரும் சொல்ல மாட்டேங்காங்க என்று சேர்த்துச் சொல்வாள். அவன் சிரிப்பான். அவனுக்குத் தன் சிரிப்பின் சத்தம் தெரியாது. மொத்தச் சபையும் திரும்பிப் பார்க்கும், அம்மா இரண்டு பேர் தொடையிலும் கிள்ளுவாள், கிள்ளிய இடம் எரிய எரியச் சிரிப்பை அடக்குவது மாதிரி ஒரு சுகம் பிறகு வாழ்க்கையில் எதிலும் வரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இல்லை, வந்தது. இந்த ஆறேழு மாதமாகச் சனிக்கிழமைகளில் வருகிறது.

அதுவும் எக்ஸ்ரே ரூமிலிருந்துதான் வந்தது, அதுதான் வேடிக்கை. போன ஆடி மாசம் ஒரு பெண், நெஞ்சுப் படம் எடுக்க வந்தவள், பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு திருதிருவென்று விழித்தாள். பியூலா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கில் மூச்சை இழுத்துப் பிடிங்க என்றாள். அசைவில்லை. மறுபடியும் சொன்னாள். வெளியே நின்ற அட்டெண்டர், "அவங்களுக்குக் காது கேக்காது மேடம்" என்று கத்தினான். பியூலா கையைத் தூக்கினாள். கண்ணாடி வழியாக, அந்தப் பெண்ணைப் பார்த்து, மூச்சை இழு, பிடி, நான் கையை இறக்குகிற வரைக்கும் அப்படியே, என்று சொன்னாள். அந்த முகம் மாறினதை எந்த மெஷினாலும் படம் பிடிக்க முடியாது. படம் எடுத்து முடித்துக் கதவைத் திறந்ததும் அந்தப் பெண் ஓடிவந்து, நீ எங்கே இந்த மொழி படித்தாய், உன் கையில் பாளையங்கோட்டை வாடை அடிக்கிறதே என்று கேட்டாள். பேச்சில் ஊர் தெரிகிற மாதிரிக் கையிலும் தெரியுமா என்று பியூலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பெயர் தமயந்தி, அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள். சளி சரியாவதற்கு முன்னாலேயே கல்லூரி முதல்வரிடம் சொல்லிவிட்டாள், சனிக்கிழமை மட்டும் வந்து உதவுங்கள் என்று அழைப்பு வந்துவிட்டது. முதல் சனிக்கிழமை வணிகவியல் வாத்தியார் பாவம், போர்டில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார், வகுப்பு மொத்தமும் அவரைப் பார்க்காமல் இவளைப் பார்க்கிறது. "என்னையும் கொஞ்சம் பாருங்கப்பா" என்றார். அதையும் அவள் கையால் சொன்னாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பி அவரை மரியாதையாகப் பார்த்துவிட்டு, ஒரே சமயத்தில் மறுபடி இவளைப் பார்த்தார்கள். வகுப்பே சிரித்து உருண்டது. மாலையில் வீட்டுக்கு வந்தபோது தோள்பட்டை வலித்தது, நெல் குத்தினவள் மாதிரி. அந்த வலியோடு தூங்கிப்போவது நன்றாக இருந்தது.

ஆனால் சனிக்கிழமை மட்டும் போகிறது விருந்துக்குப் போகிற மாதிரி. தினமும் என்றால் சமையல். தினமும் சமைத்தால் இந்த ருசி இருக்குமா? ஒரு வருஷம் கழித்து, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வகுப்பை மூடுகிறோம் என்று சொன்னால்? நாற்பதை எட்டுகிறபோது மறுபடி போய் எந்த ஆஸ்பத்திரியில், எனக்கு எக்ஸ்ரே தெரியும் ஐயா என்று நிற்பது? கையில் ஒரு வாதம் வந்தால்? குரல் போனால் டீச்சர் கஷாயம் குடிக்கலாம், விரல் போனால் என்ன குடிப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லையே. அதுதான் பெரிய குறை. ஜெபசிங் அத்தானிடம் சொன்னபோது அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உனக்கு எது சந்தோஷமோ அதைச் செய் பியூலா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். அம்மாவிடம் போனில் சொன்னால், "ரெண்டும் நிழல்தானட்டி? அப்பம் எதுன்னா என்ன?" என்கிறாள். ஷைனி, "சூப்பர்ம்மா" என்கிறாள், அவள் எல்லாவற்றுக்கும் சூப்பர் என்பாள். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், வேண்டாம் பியூலா, பைத்தியமா உனக்கு என்று சொன்னால், இல்லை, நான் போகத்தான் செய்வேன் என்று சொல்ல முடியுமா முடியாதா என்றாவது தெரிந்துவிடும். சாய்ந்துகொள்ள இல்லை, முட்டிப் பார்க்க ஒரு சுவர் வேண்டியிருந்தது. சுற்றிலும் திறந்து கிடந்தால் எந்தப் பக்கம் போவது?

வாழ்நாளில் ஒருதடவைதான் அவள் ஒரு பெரிய மனுஷனை எதிர்த்துப் பேசியிருக்கிறாள். அதுவும் அவள் பேச்சு இல்லை. கிங்ஸ்லிக்கு மெர்சியைப் பார்க்கப் போயிருந்தார்கள், தூத்துக்குடியில். மெர்சிக்கும் காது கேட்காது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், அவர்களே பேசி முடித்துவிட்டுத்தான் பெரியவர்களுக்குத் தகவல் சொன்னது. பெண்ணுக்குத் தாய்மாமன் ஒருவர், மொறுமொறுவென்று முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ரெண்டும் இப்படின்னா, பிள்ளை அழுதா எதுக்குத் தெரியும்?" என்றார். எதுக்கு என்றார், யாருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. கூடத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கிங்ஸ்லி அக்காவைப் பார்த்தான், என்ன சொன்னார்? விழுங்கிவிடலாம், காபி நன்றாக இருக்கிறது என்கிறார் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி கை மடியிலேயே கிடந்தது. பிறகு எழுந்தது. சொன்னது சொன்னபடி, அந்த எதுக்கு உட்பட. கிங்ஸ்லி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எழுந்து நின்று, நீ என் பேச்சைச் சொல்லு, சத்தமாச் சொல்லு என்று அவளுக்குக் காட்டிவிட்டு, மாமனைப் பார்த்துக் கைகளை வீசினான். பியூலா வாயிலிருந்து வந்தது. "எங்க பிள்ளை அழுதா எங்களுக்குத் தெரியும். நாங்க அதுகிட்டயேதான் படுத்திருப்போம். நீங்க பேசுதது எங்களுக்குக் கேக்கமாட்டேங்குங்கதுதான் இந்தக் கல்யாணத்துல எங்களுக்குப் பெரிய லாபம்." பெண்வீட்டில், பெரியவர்கள் நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவ்வளவு தெளிவாக, நாங்க எங்களுக்கு என்று. யாரிடமும் உரக்கப் பேசியறியாத பியூலா. மெர்சியின் அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு முறுக்குக்காரரே சிரித்துவிட்டார். அன்றைக்கு வெளியே வந்து வேனில் ஏறும்போது அவளுக்கு உடம்பெல்லாம் குளித்தெழுந்த மாதிரி இருந்தது. இப்போது அந்தப் பிள்ளைக்கு நாலு வயசு. அழுதால் வந்து முகத்தைப் பிடித்துத் திருப்பி வைத்துக்கொண்டு அழுகிறது.

பையில் போன் அதிர்ந்தது. கிங்ஸ்லி, வீடியோ. தூத்துக்குடியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் அவன்தான் டிசைனர். பின்னால் ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பேனர் பாதி அச்சாகி நீண்டுகொண்டிருந்தது. அவன் போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசினான். வணக்கமும் இல்லை, சாப்பிட்டாயாவும் இல்லை.

"மெர்சி சொன்னா. அம்மா அவளுக்கு மெசேஜ் போட்டாளாம். நீ ஆஸ்பத்திரியை விடப்போறியாமே. வேண்டாம்."

பியூலாவுக்குக் காது அடைத்தது போல ஆயிற்று. பஸ் சத்தம் மறைந்துவிட்டது. ஒரு கையில் போன், மற்றக் கையால், "ஏன்?" என்றாள்.

"எனக்காகப் போகாத. சின்ன வயசுலேருந்து நீதான் என் வாய். சர்ச், கடை, ஆஸ்பத்திரி, கல்யாணம். போதும்க்கா. எக்ஸ்ரே உன்னுது. எங்க அக்கா உள்ளே இருக்கிறதை எல்லாம் பாப்பான்னு எல்லார்ட்டயும் பீத்திக்கிட்டிருக்கேன். இப்பம் போய் மறுபடி எங்க ஆளுகளுக்குச் சேவை செய்யப் போறியா? சேவை வேண்டாம்."

அவளுக்குக் கோபம் வந்தது. உள்ளங்காலிலிருந்து வந்தது, நல்ல கோபம். பதில் சொல்லப் பார்த்தாள், ஒரு கையால் சொன்னால் பாதி வார்த்தை வாயிலேயே நின்றுபோகிற மாதிரி இருந்தது, அவனோ, "என்ன? என்ன? புரியல" என்றான். அவள் குக்கர் அம்மாளிடம் திரும்பினாள்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுதீங்களா? எனக்கு ரெண்டு கையும் வேணும்."

"குடு தாயி" என்று அந்த அம்மாள் குக்கரைக் கீழே காலிடுக்கில் வைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் ஆரத்தித் தட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டாள். திரையில் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா இது? மூக்கு மட்டும் தெரியுது" என்றான் கிங்ஸ்லி.

"பேசாம இரு. நான் பேசுதேன்" என்றாள் பியூலா, இரண்டு கையாலும். "யாருல சொன்னா சேவைன்னு? நான் உன் வாயா? நீதாம்ல எனக்கு வாய். நான் யாரையாவது எதுத்து ஒரு வார்த்தை பேசியிருக்கேனா? மெர்சி வீட்டுல பேசினது ஒண்ணுதான், அதுவும் உன் வார்த்தை. அதுக்கப்புறம் இப்பந்தான், அந்தப் பிள்ளைக கேள்வி கேக்குது, அது என் வாயில வருது, வாத்தியார் பதில் சொல்லுதாரு, அது என் கையில வருது, நடுவுல நான் நிக்கேன். அந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்காக இல்ல. உங்க யாருக்காகவும் இல்ல. எனக்காக. எக்ஸ்ரே எனக்கு வந்தது. இதை நான் எடுக்கேன். வித்தியாசம் தெரியுதா? முட்டாள்!"

கடைசிச் சொல்லுக்கு அவள் வீட்டுச் சைகையைத்தான் பயன்படுத்தினாள், நெற்றியில் சுண்டுகிறது. கை ஜன்னல் கம்பியில் இடித்தது. பின்ஸீட்டில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தியிருந்தார்.

"என்னம்மா சண்டையா?" என்றாள் குக்கர் அம்மாள், போனை ஆடாமல் பிடித்தபடி.

"என் தம்பி. நான் வேற வேலைக்குப் போறேங்கேன், அவன் வேண்டாங்கான்."

"இவன் யாரு வேண்டாங்கதுக்கு? வீட்டுக்காரரு என்ன சொல்லுதாரு?"

"அவரு சரிங்காரு."

"பின்னே? இந்தப் பயலுக்கு நல்லா இன்னொண்ணு சுண்டிவிடு" என்றாள் அந்த அம்மாள். பியூலா அதை அப்படியே கையால் சொன்னாள், சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரையில் கிங்ஸ்லி நெற்றியைத் தடவிக்கொண்டான். பின்னால் பேனரில் ஒரு புலி பாதி முகம் வரை வந்திருந்தது.

"பயமா இல்லையா?" என்று கேட்டான்.

"ரொம்ப இருக்கு."

"அப்பம் சரி. நெசமாத்தான் சொல்லுத." அவன் பேனரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "உனக்கும் ஒண்ணு அடிக்கேன். கல்லூரி வாசல்ல கட்டுவோம். ரெண்டு பக்கமும் புலி, நடுவுல நீ. மூக்கு அம்மா படமும் ஓரத்துல" என்றான். அவள் வேண்டாம் என்று கையாட்டுவதற்குள் வைத்துவிட்டான்.

பஸ் பாலத்தில் ஏறியிருந்தது. கீழே தாமிரபரணி, இரண்டு கரையும் தொடாமல் நடுவில் மட்டும் ஓடுகிற தண்ணீர், அதில் வெயில். யாரோ படித்துறையில் வேட்டியை உதறினார்கள், உதறினது முதலில் தெரிந்தது, சத்தம் வரவே இல்லை. பியூலா மூச்சை விட்டாள். சுவர் வேண்டும் வேண்டும் என்று கேட்டேனே, போன் வழியாக வந்து நின்றது, முட்டினேன், விழுந்துவிட்டது. விழுந்ததா, இல்லை கதவாக இருந்ததா? போய்த்தொலையட்டும், எதுவாகவோ இருந்தது. சொன்னது நான்தானே? எனக்குப் பிடிச்சிருக்கு. அந்த இரண்டு வார்த்தையை, சோறு வடித்தபோதும் ஜெபத்தின்போதும் வராததை, ஒரு பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் யாருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை, என்ன பாதுகாப்பு! அவள் மறுபடி சிரித்தாள். பயம் போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். போகவில்லை, அங்கேதான் இருந்தது, ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருந்தது, வழியை மறிக்காமல் ஓரமாக. ஜங்ஷனில் இறங்கும்போது குக்கர் அம்மாள், "போற எடத்துல நல்லா இரு தாயி" என்று சொல்லி, ஏதோ வெளிநாட்டுக்கு அனுப்புகிற மாதிரிக் கன்னத்தைத் தொட்டாள்.

டாக்டர் சிதம்பரதாணு வராந்தாவில் நடந்துகொண்டே யாருடைய படத்தையோ வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பியூலா, தென்காசி ரோடு? எப்பம் போறீங்க?"

"நான் வரலை சார். ரெண்டு மாசத்துல இங்கேயிருந்தும் நின்னுக்கிடுதேன். காலேஜுக்குப் போறேன்."

அவர் படத்தை இறக்கினார். "அந்தச் சைகை வேலைக்கா? வருஷா வருஷம் புதுப்பிக்கிறது இல்லையா அது? நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சுக்கிட்டேதான் சார் இருக்கேன். இன்னும் முடியல. ஆனா போறேன்."

"பயமா இல்லையா?"

இன்றைக்கு எல்லாரும் இதையே கேட்கிறார்கள். "இருக்கு சார். பயந்துக்கிட்டே செய்யணும்னு ஆசையா இருக்கு."

டாக்டர் கையில் இருந்த படத்தை அவளிடம் நீட்டினார். யாரோ ஒருவரின் தோள்பட்டை, தெளிவாக, சாய்வு சரியாக. "இது நீங்க எடுத்ததுதானே? பாத்ததுமே தெரியுது. இனிமே மத்தவங்க எடுக்கிறதை எல்லாம் ரெண்டாம்தடவை எடுக்கச் சொல்லணும் நான்." இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவளிடமே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். சரியாக விட்டுப்போகிறேன் என்கிற நாளில்தான் சொல்ல வேண்டுமா, நேற்றுச் சொல்லியிருந்தால் இன்னும் குழம்பியிருப்பேனே, நல்லவேளை நேற்றுச் சொல்லவில்லை. இந்த வேலை என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, நானும் அதைத் தள்ளவில்லை, இரண்டு பேரும் நல்லபடியாகப் பிரிகிறோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தானைக் கூப்பிட்டாள்.

"அத்தான், சொல்லிட்டேன். காலேஜுக்குப் போறேன்னு."

"சந்தோஷம் பியூலா" என்றார் ஜெபசிங். உடனே, ரொம்ப நேரம் அடக்கி வைத்தவர் மாதிரி, "நான் போன வாரமே உன் சனிக்கிழமை முகத்தைப் பாத்து முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

"அப்பம் சொல்லியிருக்கலாம்லா? நான் கெடந்து தவிச்சேன்."

"சொல்லியிருந்தா அது நான் சொன்னதா ஆயிருக்கும்லா" என்றார் அவர். ஸ்கூட்டர் துடைக்கிற மனுஷன் என்று நினைத்தால் இவர் எதை எல்லாம் நினைத்துக்கொண்டு துடைக்கிறார்!

பசித்தது. ஒரு வாரமாக மறந்திருந்த பசி, அப்படியே மொத்தமாக வந்து நின்றது. டூட்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. கேன்டீனில் போய் பொங்கலும் வடையும் வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். முதல் வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள், மிளகு, நெய், சூடு. வரப்போகிற சனிக்கிழமைப் பாடம் ஞாபகம் வந்தது, வாத்தியார் முன்கூட்டியே அனுப்பியிருந்தார், தேய்மானம். ஒரு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்புக் குறைந்துகொண்டே வரும், அது. இதை எப்படிக் கையால் சொல்வது? விரலால் எழுத்தெழுத்தாகக் காட்டிவிடலாம், ஆனால் பிள்ளைகளுக்குப் பொருள் மனதில் நிற்க வேண்டுமே. குறைகிறது என்று சொன்னால் விலை குறைகிற மாதிரி இருக்கும். உடைகிறது என்றால் தப்பு. மெஷின் அங்கேயே நிற்கிறது, வேலை செய்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள் மெதுவாக, மெதுவாக. அவள் இடது உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி வைத்து, வலது விரல் நுனிகளால் அதன்மேல் தேய்த்துத் தேய்த்து, அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினாள். இல்லை. தாழ்த்தினால் இறக்கி வைக்கிற மாதிரி இருக்கிறது. மறுபடி தேய்த்து, இந்தத் தடவை கிண்ணத்தைச் சிறிதாக்கினாள். ம், கிட்ட வருகிறது, இன்னும் கொஞ்சம், விரலை இப்படிச் சுற்றினால்?

கேன்டீன்காரர் வாளியோடு ஓடிவந்தார். "கேக்கக் கூடாதா மேடம், கையைக் காட்டிக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் இலையில் இரண்டு கரண்டிச் சட்னியை ஊற்றிவிட்டுப் போனார். பியூலா சட்னியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். சட்னிக்கு இது ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே, அப்படியென்றால் தேய்மானத்துக்கு வேறு ஒன்றுதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, வடையைப் பிட்டு நன்றாகத் தோய்த்தாள்.